பிலிஷ் மலைக்காட்டுக்குப் போய் வருவது எப்படி

ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டுக்கு வடமேற்கே, ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் எட்டிவிடக்கூடிய பிலிஷ் மலையின் மிக உயர்ந்த உச்சி 756 மீட்டர்தான். இந்த எண்ணைப் பார்த்துவிட்டு, நகரத்தில் காலை உணவை நிதானமாக முடித்து, பதினொரு மணிக்குக் கிளம்பி, கையில் அரை லிட்டர் தண்ணீரோடு காட்டுக்குள் நுழைகிறவர்கள் உண்டு. அவர்களில் பலர் மாலையில் ஏதாவது ஒரு கிராமத்துப் பேருந்து நிறுத்தத்தில், போய்விட்ட பேருந்தின் நேர அட்டவணையைப் படித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்; ஒரு முறை நானும் அப்படி நின்றிருக்கிறேன். இந்த மலையில் உயரம் ஒரு பொருட்டே இல்லை. எந்த ஊர் வழியாக உள்ளே போவது, எந்த ஊர் வழியாக வெளியே வருவது என்பதை முதல் நாள் இரவே முடிவு செய்துவிட்டால், மற்றதெல்லாம் தானாகவே சரியாக அமைந்துவிடும்.

பெயர்ப் பலகைகளைப் பற்றி முதலில் ஒரு சொல். ஹங்கேரிய எழுத்தில் ஆங்கிலத்தின் 'எஸ்' தனியாக நின்றால் அதை 'ஷ்' என்றும், அதன் பின்னால் 'இசட்' வந்தால் 'ஸ்' என்றும் ஒலிப்பார்கள். ஆகவே பலகையில் 'பிலிஸ்' போலத் தெரிவது பிலிஷ். 'விசெகிராட்' போலத் தெரிவது விஷெகிராட். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பேருந்து ஓட்டுநரிடம் ஊர்ப் பெயரைச் சொல்லிச் சீட்டு கேட்கும்போது இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்காது.

ஒரு பெயரில் இரண்டு மலைகள்

புடாபெஸ்ட்காரர்கள் 'பிலிஷுக்குப் போகிறோம்' என்று பொதுவாகச் சொன்னாலும், அந்தச் சொல்லுக்குள் இரண்டு வேறு வேறு மலைகள் இருக்கின்றன. தென்மேற்கில் இருப்பது உண்மையான பிலிஷ். 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு கடலடியில் படிந்த சுண்ணாம்புக் கல்லாலும் டோலமைட்டாலும் ஆனது. வடகிழக்கில், டான்யூப் ஆற்றை ஒட்டி இருப்பது விஷெகிராட் மலைத்தொடர். அது பழைய எரிமலைகள் கக்கிய ஆண்டசைட் பாறையால் ஆனது. பிலிஷ்செந்த்கெரெஸ்த் என்ற கிராமம் ஏறத்தாழ இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

இது புவியியல் மாணவர்களுக்கு மட்டும் உரிய செய்தி என்று நினைத்துவிட வேண்டாம். முதுகுப் பையில் எவ்வளவு தண்ணீர் வைப்பது என்பதைத் தீர்மானிப்பதே இதுதான். சுண்ணாம்புக் கல் மழைநீரை உறிஞ்சிக் கீழே அனுப்பிவிடுவதால் பிலிஷ் பக்கம் குகைகள் நிறைய உண்டு, ஊற்றுகள் குறைவு. எரிமலைப் பாறை நீரை எளிதில் உள்ளே விடாது. அதனால் விஷெகிராட் பக்கத்தில் ஓடைகளும் அவை அறுத்து உண்டாக்கிய குறுகிய பள்ளத்தாக்குகளும் கிடைக்கின்றன. முதல் பக்கத்துக்குப் போனால் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம்; இரண்டாம் பக்கத்துக்குப் போனால் நனைந்த பாறையில் வழுக்காத, பிடிமானமுள்ள காலணி கட்டாயம். வழியில் 'ஃபொர்ராஷ்' என்ற சொல்லைக் கண்டால் அது ஊற்று. ஆனால் ஊற்றுக்கு அருகில் 'நெம் இவோவீஸ்' என்று எழுதியிருந்தால் அது குடிநீர் அல்ல என்று பொருள். 'நெம்' என்ற அந்தச் சிறிய சொல்லைக் கவனிக்காமல் குடித்துவிடக் கூடாது. எந்தப் பலகையும் இல்லாத ஊற்று நீரையும் வடிகட்டாமல் குடிக்காமல் இருப்பதே நல்லது.

இரண்டு மலைகளையும் மூடியிருக்கும் காடு பெரும்பாலும் ஓக், ஹார்ன்பீம், பீச் மரங்களால் ஆனது. யுனெஸ்கோ 1980-இல் இதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. 1997-இல் உருவான டான்யூப்–இபோய் தேசியப் பூங்காவுக்குள் இன்று இது அடங்குகிறது.

மூன்று வாசல்கள்

முதல் வாசல் பொமாஸ். புடாபெஸ்டில் டான்யூபின் புடா கரையில், நாடாளுமன்றக் கட்டடத்துக்கு நேர் எதிரே உள்ள பத்தியானி சதுக்கத்திலிருந்து எச்5 என்ற புறநகர் ரயில் செந்தெந்த்ரே நகருக்குப் போகிறது. உள்ளூரில் அதை 'ஹேவ்' என்பார்கள். அதில் சுமார் அரை மணி நேரத்தில் பொமாஸில் இறங்கலாம். நிலையத்துக்கு அருகிலிருந்தே பிலிஷ்செந்த்கெரெஸ்த் வழியாக டொபொகோக்கோ என்ற மலை உச்சிக்குப் பேருந்து புறப்படுகிறது. நகரப் போக்குவரத்துச் சீட்டு புடாபெஸ்டின் எல்லை வரைதான் செல்லும் என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். எல்லை தாண்டியபின் பரிசோதகர் வந்தால், பையில் நகரச் சீட்டு இருக்கிறது என்பது ஒரு விடையாகாது; எல்லைக்கு அப்பாலான தூரத்துக்கு உரிய சீட்டை ஏறும் முன்பே வாங்கிவிட வேண்டும்.

இரண்டாம் வாசல் டான்யூப் கரை. எம்3 மெட்ரோவில் உய்பெஸ்ட் வாரோஷ்கபு நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்து ஆற்றின் வலக்கரையை ஒட்டிச் செந்தெந்த்ரே, விஷெகிராட், டொமோஷ் வழியாக எஸ்டர்கோம் போகும் பேருந்துகள் கிடைக்கும். இதற்கு இன்னொரு மாற்றும் உண்டு. எனக்கு அதுதான் பிடிக்கும். நியுகாட்டி ரயில் நிலையத்திலிருந்து இடக்கரை வழியாக ஓடும் ரயிலில் நாட்மரோஷ்–விஷெகிராட் நிலையத்தில் இறங்கி, படகில் ஆற்றைக் கடந்தால் விஷெகிராட். அதே ரயிலில் இன்னும் சற்றுத் தூரம் போனால் வரும் ஒரு சிறிய நிறுத்தத்தின் பெயரே 'டொமோஷ் கடவு' என்பதுதான். அங்கிருந்து டொமோஷ் கிராமத்துக்கு ஆட்களை மட்டும் ஏற்றும் படகு உண்டு. ஆனால் படகுகள் குளிர்காலத்தில் குறைந்துவிடும்; ஆறு மிகப் பெருகினாலும் மிக வற்றினாலும் நின்றுவிடும். ஆகவே போகும்போது படகை நம்பலாம், திரும்பும்போது பேருந்தையும் மனதில் வைத்திருக்க வேண்டும்.

மூன்றாம் வாசல், நியுகாட்டியிலிருந்தே எஸ்டர்கோம் போகும் இன்னொரு ரயில் பாதை. அது பிலிஷ்வொரொஷ்வார், பிலிஷ்ச்சபா ஆகிய ஊர்கள் வழியாகச் சுண்ணாம்பு மலையின் தெற்கு அடிவாரத்தைத் தொட்டுச் செல்கிறது. வெளிநாட்டவர் கூட்டம் இந்தப் பக்கம் மிகக் குறைவு.

பேருந்து நேரத்தைப் பார்க்கும்போது, போகப் போகிற அதே தேதியைக் கொடுத்துத் தேடுங்கள். வேலை நாளுக்கு ஓர் அட்டவணை, சனிக்கிழமைக்கு ஒன்று, ஞாயிற்றுக்கும் விடுமுறைக்கும் இன்னொன்று என்று மூன்று வகை உண்டு. மார்ச் 15, ஆகஸ்ட் 20, அக்டோபர் 23 ஆகிய தேசிய விடுமுறைகள் வார நாளில் வந்தாலும் அன்று விடுமுறை அட்டவணைதான் நடக்கும். திரும்பும் வழியில் கடைசிப் பேருந்தையும், அதற்கு முந்திய பேருந்தையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது பழைய பழக்கம்போலத் தோன்றலாம். பள்ளத்தாக்குகளுக்குள் கைப்பேசிச் சமிக்ஞை அறுந்துபோகும் இடங்கள் இருப்பதால் நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன். திட்டமிடும்போது முந்திய பேருந்தையே குறி வைக்க வேண்டும். கடைசிப் பேருந்து, அதைத் தவறவிட்டவர்களுக்கானது.

மரத்தில் எழுதியிருக்கும் மொழி

ஹங்கேரியின் நடைபாதைக் குறிகள் மிக ஒழுங்கானவை. ஒரு முறை கற்றுக்கொண்டால் வரைபடத்தை அடிக்கடி எடுக்க வேண்டியதில்லை. மரத்தின் அடிப்பகுதியிலோ பாறையிலோ வெள்ளைச் சதுரம் ஒன்று தீட்டி, அதன் மேல் நீலம், சிவப்பு, பச்சை, மஞ்சள் ஆகிய நான்கு வண்ணங்களில் ஒன்றால் ஒரு வடிவம் வரைந்திருப்பார்கள். நிறம் எந்தப் பாதை என்பதையும், வடிவம் அது எங்கே கொண்டுபோகும் என்பதையும் சொல்லும். நேர்க்கோட்டுப் பட்டை நெடும்பாதை. முக்கோணம் உச்சிக்கோ காட்சி மேடைக்கோ. நிரப்பிய வட்டம் ஊற்றுக்கு. குகைக்கு, கிரேக்க ஒமேகா எழுத்தைப் போன்ற வளைவு. உடைந்த சுவர் போன்ற வடிவம் இடிபாடுகளுக்கு. கூட்டல் குறி இரண்டு பாதைகளை இணைக்கும் குறுக்கு வழி. கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரும் சுற்றுப் பாதைக்கு வளைந்த அம்பு.

நீலப் பட்டையைக் கண்டால் சற்று நின்று பாருங்கள். அது நாட்டின் மேற்கு எல்லையிலிருந்து வடகிழக்கு வரை 1,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் தேசிய நீலப் பாதையாக இருக்கக்கூடும்; 1938-இல் தொடங்கிய அந்தப் பாதை டொபொகோக்கோ வழியாக விஷெகிராடுக்கு இறங்கி, ஆற்றைக் கடந்து செல்கிறது. அதன் வழியில் முத்திரைப் பெட்டிகள் வைத்திருப்பார்கள். சிறு கையேட்டைத் திறந்து, மூச்சிரைக்க முத்திரை குத்தி, மையை வாயால் ஊதிக் காயவைக்கும் எழுபது வயதுப் பெரியவர்களை அங்கே பார்க்கலாம்.

குறி கண்ணில் படாமல் ஐந்து நிமிடம் நடந்துவிட்டால் முன்னேறாமல், கடைசியாகக் குறி பார்த்த மரத்துக்குத் திரும்புவதே விதி. இலையுதிர் காலத்தில் பீச் மரச் சருகு பாதையையும் பாதையல்லாததையும் ஒரே நிறமாக்கிவிடும். அப்போது தரையை விட மரங்களையே பார்த்து நடக்க வேண்டும். கைப்பேசியில் இணையமின்றி இயங்கும் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருப்பது கூடுதல் காப்பு.

ராம்-சகதேக் வழியாக டொபொகோக்கோ

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, உடலில் தெம்பும் இருக்கிறது என்றால், டொமோஷ் கிராமத்திலிருந்து ராம்-சகதேக் என்ற பாறைப் பிளவு வழியாக ஏறி, டொபொகோக்கோவில் முடிப்பதைத்தான் நான் பரிந்துரைப்பேன். டான்யூப் வாசலில் நுழைந்து பொமாஸ் வாசலில் வெளியேறும் பயணம் இது. வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. தூரம் ஒன்பது கிலோமீட்டருக்குள். ஏற்றம் ஏறத்தாழ 600 மீட்டர். வேகமாக நடப்பவர்களுக்கு மூன்று மணி நேரம் போதும் என்றாலும், பிளவுக்குள் முன்னால் போகிறவர்களுக்காகக் காத்திருக்க வேண்டி வருவதால் நான்கரை மணி நேரம் ஒதுக்குங்கள். வார இறுதியில் ஒன்பது மணிக்கு முன்பே டொமோஷில் இறங்கிவிடுவது நல்லது. பத்து மணிக்குப் பிறகு சங்கிலிகளின் அடியில் வரிசை நிற்கும்.

டொமோஷ் இன்று அமைதியான ஆற்றங்கரைக் கிராமம். ஆனால் 1063-இல் முதலாம் பேலா மன்னனின் அரியணை இந்த ஊரில் இருந்த அரண்மனையில்தான் அவன்மேல் இடிந்து விழுந்தது என்றும், அந்தக் காயத்தால்தான் அவன் இறந்தான் என்றும் பழைய வரலாற்றுக் குறிப்புகள் சொல்கின்றன. கிராமத்தைக் கடந்து, ஓடையை ஒட்டிய பாதையில் காட்டுக்குள் நுழைந்தால் முதல் ஒரு மணி நேரம் நடை சுலபமானது. இதை நம்பி வேகத்தைக் கூட்டிவிடாதீர்கள். மூச்சைச் சேமிக்க வேண்டிய இடம் இதுதான்.

பிளவுக்குள் நுழைந்ததும் வெப்பம் சட்டென்று குறையும். ஜூலை மாதத்திலும் கையில் சிலிர்ப்பு தட்டும். இரு பக்கமும் பாசி படிந்த கரும்பாறைச் சுவர்கள் நெருங்கி வரும். ஓடை, பாதையின் பக்கத்தில் ஓடாமல் பாதையாகவே ஆகிவிடும். நீரில் பாதி மூழ்கிய கற்களில் காலை வைத்துத்தான் ஏற வேண்டும். செங்குத்தான இடங்களில் இரும்பு ஏணிகளும் கைப்பிடிகளும் சங்கிலிகளும் பொருத்தியிருக்கிறார்கள். பல்லாயிரம் கைகள் பிடித்துப் பிடித்துப் பளபளப்பாகிப் போன அந்தச் சங்கிலி எப்போதும் ஈரமாக, குளிர்ந்து இருக்கும். இரண்டு கைகளுக்கும் வேலை இருப்பதால் கைப்பேசியும் நடைக்கம்பும் பைக்குள் இருக்க வேண்டும். கம்பை மணிக்கட்டில் தொங்கவிட்டு ஏறுவது உங்களுக்கும் பின்னால் வருகிறவருக்கும் ஆபத்து. ஒரு சங்கிலிப் பகுதியில் ஒரு நேரத்தில் ஒருவரே ஏறுவது மரியாதை. கீழிருந்து மேலே போவதே இங்கே முறை. மேலிருந்து இறங்கி வந்தால் வழுக்குவது மட்டுமல்ல, ஏறுகிறவர்கள் ஒதுங்க இடமும் இருக்காது.

சிறு குழந்தைகளையும் நாய்களையும் இந்த வழியில் அழைத்துப் போக வேண்டாம். பலத்த மழைக்கு மறுநாளும், உறைபனிக் காலத்திலும் போக வேண்டாம். பனிக்கட்டி, பாறைச் சரிவு, புயலில் விழுந்த மரம் ஆகிய காரணங்களுக்காகப் பிளவை அடிக்கடி மூடுவார்கள். காட்டை நிர்வகிக்கும் அரசு நிறுவனமான பிலிஷி பார்க்எர்தோவின் இணையதளத்தில் அந்த அறிவிப்பு வரும். மூடியிருந்தால் தடுப்பைத் தாண்ட முயலாமல், லுக்காச்-ஆரோக் என்ற அடுத்த பள்ளத்தாக்கு வழியாக டொபொகோக்கோவுக்கு ஏறலாம்.

மழை ஓய்ந்த காலை நேரத்தில் ஈரச் சருகின் மேல், கறுப்பு ரப்பரில் செய்து மஞ்சள் மையைத் தெளித்தாற்போல ஓர் உயிரினம் மெல்ல நகர்வதைக் காணலாம். அது பல்லி வடிவிலான நீர்நிலவாழ் உயிரினமான தீ சாலமாண்டர். பாதையின் நடுவில் இருந்தாலும் அவசரப்படாது. மிதித்துவிடாமல் பார்த்து நடக்க வேண்டியது நாம்தான். பாதுகாக்கப்பட்ட உயிரினம் என்பதாலும், அதன் தோலில் நஞ்சு சுரப்பதாலும் கையில் எடுக்கக் கூடாது.

டொபொகோக்கோ கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 'டொபொக்' என்றால் துடித்தல், அதிர்தல். 'கோ' என்றால் கல். பூமியின் இதயச் சக்கரம் இங்கேதான் இருக்கிறது என்று நம்பும் ஹங்கேரியர் பலர் உண்டு. சக்கரம் என்ற சொல் நம் பக்கத்திலிருந்து அங்கே போய், ஒரு மலை உச்சியில் குடியேறியிருப்பதைப் பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும். பாறை விளிம்பில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவர்களைத் தொந்தரவு செய்யாமல் ஓரமாகப் போய் நின்றால், கீழே டான்யூப் வளைவதும் எதிர்க்கரையில் பொர்ஜொன் மலை நீலமாக அடுக்கடுக்காக எழுவதும் தெரியும். இங்கே 1898-இல் கட்டிய மரத்தாலான சுற்றுலாக் குடில் இன்று மலையேற்றத்தின் வரலாற்றைச் சொல்லும் சிறிய அருங்காட்சியகமாக இருக்கிறது. பக்கத்தில் உள்ள கல் கட்டடம் இயற்பியலாளர் லோராண்ட் எத்வெஷின் பெயரைத் தாங்குகிறது. ஈர்ப்பு விசையை நுட்பமாக அளந்த அவர் ஹங்கேரிய மலையேற்ற இயக்கத்தின் முன்னோடித் தலைவர்களில் ஒருவராகவும் இருந்தார்.

ஏறுவதில் விருப்பமில்லாதவர்கள் பொமாஸிலிருந்து நேராகப் பேருந்திலேயே இங்கே வந்துவிடலாம். உச்சியைச் சுற்றிவரும் தீரிங் சுற்றுப்பாதை மட்டுமே ஓர் அரை நாளுக்குப் போதும்.

பேச்சுச் சத்தம் இல்லாத பக்கம்

டொபொகோக்கோவில் ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் கடைத்தெருவில் நிற்பதுபோல் இருக்கும். அமைதி வேண்டுமென்றால் சுண்ணாம்பு மலைக்குப் போக வேண்டும். பொமாஸ் பேருந்தில் பாதி வழியில் பிலிஷ்செந்த்கெரெஸ்தில் இறங்குங்கள். இது ஸ்லோவாக்கிய மொழி பேசுவோரின் கிராமம். ஊர்ப் பலகையில் 'ம்லின்கி' என்ற அவர்களுடைய பெயரும் இருக்கும். குழந்தைகளோடு வந்தவர்கள் கிராமத்தை ஒட்டிய தேரா ஓடையின் சிறிய பள்ளத்தாக்கில் நடந்துவிட்டுத் திரும்பலாம். ராம்-சகதேக் போல அச்சமூட்டாத, மென்மையான இடம் அது. தெம்புள்ளவர்கள் பிலிஷ் உச்சிக்கு ஏறலாம். ஏற்றம் சுமார் 400 மீட்டர். சோவியத் காலத்தில் ஏவுகணைத் தளமாக இருந்து பொதுமக்களுக்கு மூடிக் கிடந்த அந்த உச்சியில் இப்போது ஒரு காட்சிக் கோபுரம் நிற்கிறது. கைவிடப்பட்ட இராணுவக் கட்டடங்களின் மிச்சங்களுக்குள் நுழையாமல் இருப்பது நலம்.

அந்தக் கோபுரம் போல்டொக் எஜேப் என்ற துறவியின் பெயரால் அமைந்தது. பிலிஷ் குகைகளில் தனித்தனியே தவம் செய்துகொண்டிருந்தவர்களை அவர் 1250-இல் ஒன்றாகக் கூட்டினார். அப்படி உருவான பவுலியர் துறவறச் சபைதான் ஹங்கேரியில் பிறந்த ஒரே கத்தோலிக்க ஆண் துறவறச் சபை என்று சொல்வார்கள். மலையின் வடமேற்கு அடிவாரத்தில் உள்ள க்லாஸ்ட்ரோம்புஸ்தாவில் அவர்களுடைய முதல் மடத்தின் இடிபாடுகளைக் காணலாம். மேலே சுண்ணாம்புப் பாறையில் 'இளைஞன் குகை', 'இளம்பெண் குகை' என்று இரண்டு குகைகள் உண்டு. ஒளி எட்டும் தூரம் வரை போவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் பயிற்சியும் கருவிகளும் அனுமதியும் வேண்டும்.

இந்தக் காடு அரசர்களின் வேட்டைக்காடாக இருந்தது. மூன்றாம் பேலா மன்னன் 1184-இல் பிலிஷில் சிஸ்டர்சியன் மடம் ஒன்றை நிறுவினான். 1213 செப்டம்பரில், கணவன் இரண்டாம் ஆண்ட்ராஷ் போருக்குப் போயிருந்தபோது, அரசி கெர்த்ரூட் இந்தக் காட்டில் பிரபுக்களால் கொல்லப்பட்டு அந்த மடத்தில் புதைக்கப்பட்டாள்.

நடக்க முடியாத முதியவர்கள் கூட வந்திருந்தால், அவர்களுக்கு விஷெகிராடே போதும். மங்கோலியப் படையெடுப்புக்குப் பிறகு நான்காம் பேலா காலத்தில் எழுந்த கோட்டை மலை மேலும், 1335-இல் ஹங்கேரி, போலந்து, பொகீமியா நாடுகளின் மூன்று மன்னர்கள் கூடிப் பேசிய ஊர் அதன் கீழும் இருக்கின்றன. கோட்டை வாசல் வரை வாகனம் போகும்.

எப்போது போவது, எதற்கு அஞ்சுவது

ஏப்ரல் இறுதியிலிருந்து ஜூன் வரையும், செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் இறுதி வரையும் நல்ல காலம். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். காட்டுக்குள் அதற்கு அரை மணி முன்பே இருட்டு வந்துவிடும். அந்த மாதங்களில் இரண்டு மணிக்கு எங்கே இருந்தாலும் இறங்கத் தொடங்குவதோடு, தலையில் கட்டும் விளக்கு ஒன்றையும் எடுத்துப் போக வேண்டும். செப்டம்பரில் கலைமான்களின் இனச்சேர்க்கைக் காலம் என்பதால் அந்தி முதல் விடியல் வரை சில பகுதிகளுக்குள் போகத் தடை உண்டு. குளிர்காலத்தில் கூட்டு வேட்டை நடக்கும் நாள்களில் பாதைகளை மூடி அறிவிப்பு வைப்பார்கள். அந்தப் பலகை ஹங்கேரிய மொழியில் மட்டும் இருந்தாலும், குறுக்கே சிவப்பு–வெள்ளை நாடா கட்டியிருந்தால் திரும்பிவிட வேண்டும்.

இங்கே வழக்கமாகச் சந்திக்கும் பெரிய விலங்கு காட்டுப்பன்றி. குட்டிகளோடு தாய்ப்பன்றி நின்றால் ஓடாமல், கத்தாமல், மெல்லப் பின்வாங்குங்கள். ஆனால் உண்மையில் அஞ்ச வேண்டியது எள்ளளவே இருக்கும் உண்ணிக்குத்தான். வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை புல் நுனியிலும் புதரிலும் காத்திருந்து உடலில் ஏறும் இந்த உண்ணிகள் லைம் நோயையும், அரிதாக மூளை அழற்சி வைரஸையும் பரப்புகின்றன. வைரஸுக்குத் தடுப்பூசி உண்டு. பல தவணைகளில் போட வேண்டியது என்பதால், நீண்ட காலம் தங்குகிறவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்க வேண்டும். லைம் நோய்க்கு அப்படி எளிதில் கிடைக்கும் தடுப்பூசி இல்லை. முழுக்கால் சட்டை அணிந்து, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு நடங்கள். அழகாக இருக்காது, ஆனால் பயன் தரும். அறைக்குத் திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதின் பின்புறம் ஆகிய இடங்களைப் பார்க்க வேண்டும். உண்ணி கடித்திருந்தால் நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல், சீராக நேரே இழுத்தெடுங்கள். எண்ணெய் தடவுவதும் நெருப்பு காட்டுவதும் கூடாது. பின்வரும் வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வசந்தத்தில் காட்டுத் தரை முழுவதும் பூண்டு வாசனை வீசும். ஹங்கேரியர் 'கரடி வெங்காயம்' என்று பெயர் வைத்திருக்கும் காட்டுப்பூண்டு அது. பாதுகாக்கப்பட்ட பகுதியில் எதையும் பறிக்கக் கூடாது என்பது ஒரு காரணம். நச்சுச் செடியான பள்ளத்தாக்கு லில்லியின் இலையும் ஏறத்தாழ அதே தோற்றத்தில் இருக்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம். பூக்களையும் தொடாமல் விடுங்கள்: பிலிஷ்செந்திவான் என்ற ஊருக்கு அருகில் உள்ள டோலமைட் சரிவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத 'பிலிஷ் ஆளி' என்ற மஞ்சள் பூச்செடி இந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

நெருப்பு மூட்ட, அமைக்கப்பட்ட அடுப்பிடங்களைத் தவிர வேறு இடம் இல்லை. வறட்சிக் காலத்தில் தீத்தடை அறிவித்துவிட்டால் அங்கும் மூட்டக் கூடாது. அவசர உதவிக்கு 112. அருகில் உள்ள பாதைக் குறியின் நிறத்தையும் வடிவத்தையும் சொன்னால் உங்களைக் கண்டுபிடிப்பது எளிது.

பசிக்கு

மலை விடுதிகளில் குயாஷ் சூப்பும் அவரை சூப்பும் எப்போதும் இருக்கும். இரண்டிலும் பெரும்பாலும் இறைச்சி உண்டு. சைவம் உண்போருக்கு எளிதில் கிடைப்பது பொரித்த பாலாடைக்கட்டியும், மாவைப் பிசைந்து எண்ணெயில் பொரித்து மேலே புளித்த பாலேடு தடவிய லாங்கோஷும்தான். 'ஜீரோஷ் கெனியேர்' என்பது வெண்ணெய் தடவிய ரொட்டி போலவே இருக்கும். மேலே வெங்காயமும் தூவியிருப்பார்கள். ஆனால் தடவியிருப்பது பன்றிக் கொழுப்பு. வார நாள்களில் விடுதிகள் மூடியிருக்கலாம் என்பதால் ஒரு வேளை உணவைக் கையில் எடுத்துப் போங்கள். சிறு கடைகளுக்குத் தேவைப்படும் என்பதால் சில்லறை ஃபோரிண்டும் வைத்திருங்கள்.

பாதையில் எதிர்ப்படுகிறவர்கள் அறிமுகம் இல்லாவிட்டாலும் வணக்கம் சொல்வது அங்கே வழக்கம். 'யோ நபோட்' என்று திருப்பிச் சொன்னால் போதும். அதற்குப் பிறகு அவர்கள் ஹங்கேரிய மொழியில் மளமளவென்று பேசத் தொடங்கினால், பெரும்பாலும் மேலே பாதை வழுக்குகிறது என்றுதான் எச்சரிப்பார்கள். அவர்களுடைய காலணியில் எவ்வளவு சேறு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும்.